வாய்தாவுக்கு வைத்தியம்

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் காலை, பல ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் படித்த மாணவர் ஒருவர் நம் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அதில் மாம்பழம் இருக்குமென்று நம் வீட்டுக் குழந்தைகள் எண்ணினார்கள். ஆனால் பையிலிருந்து வெளிவந்தவை கடிதங்கள், சரக்குப் பட்டியல்கள், லாரி ரசீதுகள். அவர் கொங்கு நாட்டில் ஒரு சிறு கடைசல் பட்டறை வைத்திருக்கிறார். மூன்று லேத்து யந்திரங்கள், ஐந்து தொழிலாளர்கள். வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்குப் பம்பு உறுப்புக்கள் செய்து அனுப்பியிருக்கிறார். சரக்கு போய்ச் சேர்ந்தது. குற்றங்குறை எதுவும் சொல்லப்படவில்லை. ஆனால் பணம் வரவில்லை. எட்டு லக்ஷத்து நாற்பதினாயிரம் ரூபாய்!

"கம்பெனியார் என்னதான் சொல்லுகிறார்கள்?" என்று கேட்டோம்.

"பாதி வாங்கிக்கொண்டு கணக்கைத் தீர்த்துக்கொள் என்கிறார்கள், ஸார். இல்லாவிட்டால் கோர்ட்டுக்குப் போய்க்கொள் என்கிறார்கள். கோர்ட்டு என்று சொல்லும்போது அந்த மானேஜர் சிரிக்கிறார், ஸார்" என்றார் அவர்.

அந்தச் சிரிப்பு நம் மனத்தில் தைத்தது. கடன் கொடுத்தவன் கோர்ட்டுக்குப் போவேன் என்று சொன்னால் கடன்பட்டவன் அஞ்சுவதுதான் நியாயம். இங்கோ கடன்பட்டவன் சிரிக்கிறான். கடன் கொடுத்தவன் அஞ்சுகிறான். நம் மாணவர் ஏற்கெனவே இரண்டு தொழிலாளர்களை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். பாங்கிக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது. பாதித் தொகையை வாங்கிக்கொள்வதா, வழக்குப் போடுவதா என்று கேட்கத்தான் அவர் வந்திருந்தார். நாம் வக்கீல் அல்ல, பள்ளிக்கூட உபாத்தியாயர். ஆனாலும், கேள்வி கேட்டு வந்த மாணவனை வெறுங்கையோடு அனுப்புவது உபாத்தியாயருக்கு அழகன்று. ஆகவே சட்டத்தைப் படித்தோம், தெரிந்தவர்களை விசாரித்தோம். அப்போது அறிந்தவற்றுள் சில, கடைத்தெருவோடும் தொழிலோடும் சம்பந்தமுள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் உபயோகமாகும் என்று தோன்றியதால் இங்கே எழுதுகிறோம்.

தாமதம் யாருக்கு லாபம்?

கோர்ட்டில் ஜெயித்தவன் தோற்றான், தோற்றவன் செத்தான் என்று நம் ஜனங்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வேடிக்கைக்குள் வேதனை இருக்கிறது. வழக்கு நீள நீள, லாபம் அடைபவன் யார்? கொடுக்கவேண்டிய பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வியாபாரம் செய்கிறவன்தான். ஒவ்வொரு வாய்தாவும் அவனுக்கு வட்டியில்லாக் கடன். பெரிய முதலாளி பத்து வருஷம் காத்திருப்பான். சிறு பட்டறைக்காரன் பத்து மாதத்தில் மஞ்சள் கடிதாசு கொடுக்க வேண்டியதுதான். ஆகவே தாமதம் எல்லாருக்கும் ஒரேமாதிரி கெடுதல் செய்வதில்லை. அது எப்போதும் எளியவன் பக்கமே பாய்கிறது.

உலக வங்கி முன்பு ஆண்டுதோறும் ஓர் அறிக்கை வெளியிட்டு வந்தது. ஒரு சாதாரண வியாபார வழக்கைத் தாக்கல் செய்து, தீர்ப்புப் பெற்று, பணத்தை வசூல் செய்து முடிக்க ஒவ்வொரு தேசத்திலும் எத்தனை நாள் ஆகிறது என்று அதில் கணக்கிட்டிருந்தார்கள். 2020-ஆம் ஆண்டுக்குரிய அறிக்கையில் நம் தேசத்துக்கு 1,445 நாட்கள் என்று கண்டிருந்தது. ஏறக்குறைய நான்கு வருஷம். ஸிங்கப்பூருக்கு 164 நாட்கள். ஒப்பந்தங்களை நிறைவேற்றிவைக்கும் விஷயத்தில் 190 தேசங்களுள் நாம் 163-வது இடத்தில் இருந்தோம். பிற்பாடு, சில தேசங்களின் புள்ளிகளில் முறைகேடு நேர்ந்ததென்று கண்டு, 2021-இல் உலக வங்கி அந்த அறிக்கையையே நிறுத்திவிட்டது. அந்நியர் கொடுக்கும் மார்க்கை நாம் வேதவாக்காகக் கொள்ள வேண்டுவதில்லை. ஆனால் வாத்தியார் மாறிவிட்டார் என்பதனால் பையன் பாஸாகிவிட்டான் என்று ஆகிவிடாது அல்லவா? நான்கு வருஷம் என்பது கோர்ட்டு வாசலை மிதித்தவர் எவருக்கும் ஆச்சரியம் தரக்கூடிய கணக்கன்று.

வியாபாரிகளுக்கென்று ஒரு கோர்ட்டு

வியாபார வழக்குகளைத் தனியே பிரித்து விசாரிக்கவேண்டும் என்ற எண்ணம் புதிதன்று. லண்டன் மாநகரத்து வியாபாரிகள், கோர்ட்டுகளின் தாமதத்தையும் வியாபாரம் அறியாத நீதிபதிகளின் போக்கையும் கண்டு சலித்து, தங்கள் தகராறுகளை வெளியிலேயே மத்தியஸ்தம் செய்துகொள்ளத் தொடங்கினார்கள். அதன் பேரில் 1895-இல் அங்கே வியாபார வழக்குகளுக்கென ஒரு தனி ஜாபிதா ஏற்படுத்தி, வர்த்தக சட்டத்தில் தேர்ந்தவரான நீதிபதி மாத்யூவிடம் அதை ஒப்படைத்தார்கள். ஆனால் தம் நாட்டு வியாபாரிகளுக்குச் செய்துகொண்ட அந்த சௌகரியத்தை நம்மை ஆண்டவர்கள் இங்கே நம் வியாபாரிகளுக்குப் பரவலாகச் செய்து தரவில்லை. சுயராஜ்யம் வந்த பிறகும் நாம் அதைச் செய்துகொள்ள வெகுகாலம் ஆயிற்று என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

2003-இல் நமது சட்டக் கமிஷன் தனது 188-வது அறிக்கையில் வர்த்தக நியாயஸ்தலங்களைப் பற்றி யோசனை கூறியது. 2015-இல் 253-வது அறிக்கையில் மறுபடியும் வற்புறுத்தியது. அந்த ஆண்டிலேயே வர்த்தக நியாயஸ்தலச் சட்டம் நிறைவேறியது. முதலில் ஒரு கோடி ரூபாயும் அதற்கு மேலும் பெறுமானமுள்ள வழக்குகளுக்கே இது பொருந்துவதாக இருந்தது. 2018-ஆம் வருஷத் திருத்தத்தினால் அந்த வரம்பு மூன்று லக்ஷமாகக் குறைந்தது. இந்த மாறுதலைச் சிறு வியாபாரிகளில் அநேகர் இன்னும் அறியவில்லை. நம் மாணவரும் அறியவில்லை. "அதெல்லாம் கோடீசுவரர்கள் சண்டை போடும் இடம், ஸார்" என்றுதான் அவர் எண்ணியிருந்தார். எட்டு லக்ஷத்து நாற்பதினாயிரத்துக்கு அந்தக் கதவு திறந்துதான் இருக்கிறது என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சட்டம் கட்டிய கடிகாரம்

இந்தச் சட்டத்தின் சாரம் என்ன? கோர்ட்டுச் சுவரில் ஒரு கடிகாரத்தை மாட்டியதுதான்.

சம்மன் கிடைத்த 30 நாட்களுக்குள் பிரதிவாதி தன் எதிர்வழக்குரையைத் தாக்கல் செய்யவேண்டும். தக்க காரணம் சொன்னால், செலவுத் தொகை விதித்து, 120 நாட்கள் வரை கோர்ட்டார் அவகாசம் தரலாம். அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை. இது கண்டிப்பான விதியா, வெறும் வழிகாட்டியா என்ற விவாதம் எழுந்தபோது, கண்டிப்பான விதியே என்று 2019-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்த்துவிட்டது. தஸ்தாவேஜுகளை இரு கட்சியாரும் முன்கூட்டியே தாக்கல் செய்து, எதை ஒப்புக்கொள்கிறோம், எதை மறுக்கிறோம் என்று பிரமாண வாக்குமூலம் கொடுக்கவேண்டும். அதன் பின் நான்கு வாரங்களுக்குள், வழக்கை நடத்தும் முறையைத் திட்டம் செய்வதற்கென்றே ஒரு விசாரணை நடைபெறும். எந்த சாட்சி எந்தத் தேதியில், எந்த வாதம் எந்தத் தேதியில் என்பதெல்லாம் அப்போதே குறிக்கப்படும். அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் வாதங்கள் முடிய வேண்டும். முடிந்த 90 நாட்களுக்குள் தீர்ப்பு வரவேண்டும். எல்லாக் கெடுவையும் முழுதாகக் கூட்டிப் பார்த்தாலும், சம்மன் சேர்ந்த நாளிலிருந்து ஒன்றரை வருஷத்துக்குள் காரியம் முடிந்துவிட வேண்டும்.

சட்டம் செய்தாகிவிட்டது, இனி என்ன குறை என்று கேட்கலாம். இங்கேதான் அநுபவம் நமக்கு ஒரு பாடம் கற்பிக்கிறது. ஒரு வழக்கின் விசாரணையில் ஒரு கட்சிக்காரருக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கொடுக்கலாகாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தில் விதி எழுதி 2002-ஆம் ஆண்டு முதல் அமலில் இருக்கிறது. அதை நம்பி எண்ணத் தொடங்கியவர்கள் கைவிரல்களும் கால்விரல்களும் தீர்ந்துபோன பிறகும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்! விதி புஸ்தகத்தில் இருந்தது. எத்தனையாவது வாய்தா என்று எண்ணுவார்தாம் இல்லை. கடிகாரம் மாட்டினால் மட்டும் போதாது. அதற்குச் சாவி கொடுக்கும் கை வேண்டும். அந்தக் கை மூன்று வகையானது: யந்திரம், பகிரங்கம், பயிற்சி.

யந்திரத்தின் தொண்டு

முதலில் யந்திரத்தைப் பார்ப்போம். கோர்ட்டுகளைக் கணிப்பொறி மயமாக்கும் தேசியத் திட்டம் 2007-இல் ஆரம்பமாயிற்று. முதல் கட்டம் 2015 வரையிலும், இரண்டாம் கட்டம் 2023 வரையிலும் நடந்தன. மூன்றாம் கட்டத்துக்கு நான்கு வருஷங்களில் செலவிட 7,210 கோடி ரூபாய் 2023 செப்டம்பரில் அனுமதிக்கப்பட்டது. வழக்குகளைப் பதிவு செய்யும் மென்பொருளை நம் தேசிய தகவல் மையத்தின் பூனா கிளையார் செய்திருக்கிறார்கள். அந்நியக் கம்பெனிக்கு உரிமைக் கட்டணம் கட்ட அவசியமில்லாத பொதுவுடைமை மென்பொருள்களைக் கொண்டே அதை அமைத்தார்கள் என்பது நாம் பெருமைப்படத்தக்க விஷயம்.

இதனால் கட்சிக்காரனுக்கு என்ன லாபம்? ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாளக் குறி கிடைக்கிறது. அதைக் கைப்பேசியில் தட்டினால், அடுத்த தேதி எது, சென்ற தேதியில் என்ன நடந்தது, என்ன உத்தரவாயிற்று என்பவை தெரிகின்றன. முன்பெல்லாம் இவற்றை அறிவதற்காகவே ஒரு நாள் வேலையைக் கெடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய், வராந்தாவில் நின்று, குமாஸ்தாவின் முகத்தையும் டவாலிச் சேவகனின் கையையும் பார்க்கவேண்டியிருந்தது. "கேஸ் கட்டுக் காணவில்லை" என்ற மூன்று வார்த்தைகளால் இரண்டு மாதம் கழிந்த காலமும் உண்டு. தாக்கல் செய்யும்போதே காகிதம் கணிப்பொறிக்குள் ஏறிவிட்டால், காணாமற் போவதற்கு அதற்குக் கால் முளைக்காது.

சம்மன் சார்வு செய்வதைப் பாருங்கள். "கதவு பூட்டியிருந்தது", "ஆசாமி ஊரில் இல்லை" என்று எழுதித் திருப்பிவிடுவது பழைய தந்திரம். இப்போது அநேக இடங்களில் சம்மன் கொண்டுபோகும் சிப்பந்தியின் கையில் கைப்பேசி கொடுக்கப்பட்டிருக்கிறது. அவர் எந்த இடத்துக்கு எந்த நேரத்தில் சென்றார் என்பது அங்கேயே பதிவாகிறது. வீட்டுக்குப் போகாமலே கதவு பூட்டியிருந்ததைக் காணும் ஞானதிருஷ்டி இனிப் பலிக்காது. வாய்தாக்களின் எண்ணிக்கை மூன்றைத் தாண்டினால் வேறு வர்ணத்தில் காட்டி எச்சரிக்கும் ஏற்பாடும் செய்திருக்கிறார்கள். மேலே நாம் கேட்ட கேள்விக்கு, அதாவது எண்ணுவார் யார் என்பதற்கு, இதுவே விடை. யந்திரம் எண்ணும், அது களைப்படையாது, தாக்ஷிண்யமும் பார்க்காது.

உத்தரமேரூரார் காட்டிய வழி

எந்த வழக்கு எந்த நீதிபதியிடம் போகவேண்டும் என்று தீர்மானிப்பது ஒரு நுட்பமான காரியம். இதை ஒரு குமாஸ்தாவின் கையில் விட்டுவைத்தால், அவர் எவ்வளவு உத்தமராயினும், ஊரார் வாய்க்கு மூடி போட முடியாது. கணிப்பொறியோ, இன்ன நீதிபதி என்று முன்கூட்டி எவரும் அறியாதபடி வழக்குகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோலப் பங்கிட்டுவிடக் கூடும். வர்த்தகக் கோர்ட்டுகளில் இம்முறையைக் கையாளும் ஏற்பாடும் செய்யப்பட்டிருக்கிறது.

இது மேல்நாட்டுப் புதுமை என்று எண்ணுபவர்கள், காஞ்சீபுரத்துக்கு அருகிலுள்ள உத்தரமேரூருக்கு ஒரு முறை போய் வரட்டும். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்ட சாஸனங்கள் அங்கே கோயில் சுவரில் இருக்கின்றன. ஊர் வாரியங்களுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்க, முப்பது குடும்பிலிருந்தும் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சபையார் அனைவரும் பார்க்க, ஒரு சிறுவனைக் கொண்டு ஓலை எடுப்பித்து, எல்லாரும் கேட்கப் பெயரைப் படித்தார்கள். சிறுவனுக்கு யாரிடமும் பக்ஷபாதம் கிடையாது. இன்றைய கணிப்பொறி அந்தச் சிறுவனின் வேலையைத்தான் செய்கிறது. அதே சாஸனத்தில் இன்னொரு விதியும் உண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வரலாகாது என்பதே அது. சீட்டுக் குலுக்கினால் போதாது, கணக்கும் காட்டவேண்டும் என்பதை ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே நம் முன்னோர் அறிந்திருந்தார்கள்.

கணக்கை ஊரறியக் காட்டுதல்

இதுவே இரண்டாவது விஷயமாகிய பகிரங்கம். வர்த்தக நியாயஸ்தலச் சட்டத்தின் 17-வது பிரிவு, ஒவ்வொரு ஹைக்கோர்ட்டும் தன் கீழுள்ள வர்த்தகக் கோர்ட்டுகளில் எத்தனை வழக்குகள் வந்தன, எத்தனை நிலுவையில் நிற்கின்றன, எந்தெந்த நிலையில் நிற்கின்றன, எத்தனை முடிந்தன என்ற புள்ளிவிவரங்களை வலைத்தளத்தில் வெளியிட்டு மாதந்தோறும் புதுப்பிக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. இதன்றி, தேசம் முழுவதிலுமுள்ள கோர்ட்டுகளின் நிலுவைக் கணக்கைக் காட்டும் தேசியத் தொகுப்பு ஒன்று 2015 முதல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது. 2023 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டின் கணக்கும் அதில் சேர்ந்தது. ஜில்லாக் கோர்ட்டுகளிலும் அவற்றின் கீழுள்ளவற்றிலும் மட்டும் நான்கு கோடிக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருப்பதை அதில் காணலாம். மனம் திடுக்கிடுகிறது. ஆயினும் வியாதியை மறைப்பதைவிட நாடி பார்ப்பது மேல்.

புள்ளிவிவரம் வெளியிடுவதால் நீதிபதிகளின் கௌரவம் குறையும் என்று சிலர் கருதுகிறார்கள். நாம் அவ்வாறு கருதவில்லை. பரீக்ஷை முடிவைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டுகிறோம். அதனால் உபாத்தியாயருக்குச் சிறிது சங்கடம்தான். ஆனால் பெற்றோருக்கு நம்பிக்கை. எத்தனை வழக்குக்கு எத்தனை நீதிபதிகள், எத்தனை ஸ்தானங்கள் காலியாகக் கிடக்கின்றன என்பதும் அதே சுவரில் தெரிந்துவிட்டால், பழி முழுவதையும் நீதிபதியின் தலையில் சுமத்தாமல், ஆள் நியமிக்காத சர்க்காரையும் ஜனங்கள் கேட்பார்கள். திருவாரூரில் மனுநீதிச் சோழன் ஆராய்ச்சி மணியை அந்தப்புரத்தில் கட்டவில்லை. பசுவுக்கும் எட்டும்படி வாசலில் கட்டினான். பகிரங்கத்தின் தத்துவம் அவ்வளவுதான்.

குமாஸ்தாவை மறவாதீர்கள்

மூன்றாவதாகிய பயிற்சியைப் பற்றித்தான் நாம் அதிகமாகச் சொல்ல விரும்புகிறோம். ஏனெனில் யந்திரத்துக்குக் கிடைக்கும் விளம்பரம் இதற்குக் கிடைப்பதில்லை. கோர்ட்டு என்றால் நீதிபதியும் வக்கீலும் மட்டுமே நம் கண்ணுக்குத் தெரிகிறார்கள். உண்மையில் வழக்கு என்னும் தேரை நாள்தோறும் இழுப்பவர்கள் சிரஸ்தார், நாஸர், பெஞ்சு குமாஸ்தா, தட்டெழுத்தாளர், அமீனா முதலிய சிப்பந்திகளே. பிராதைச் சரிபார்த்து எண் கொடுப்பவர் அவர். தேதியைக் கணிப்பொறியில் ஏற்றுபவர் அவர். டிக்ரி எழுதுபவர் அவர். அவர் ஓர் எண்ணைத் தவறாகத் தட்டினால் தேசியத் தொகுப்பில் அந்தத் தவறுதான் உண்மையாகிவிடும்.

நம் பள்ளிக்கூடத்து அநுபவம் ஒன்று சொல்லுகிறோம். சில வருஷங்களுக்கு முன் எங்கள் பள்ளிக்குப் பத்துக் கணிப்பொறிகள் வந்து இறங்கின. பூஜை போட்டு, குங்குமம் வைத்து, ஓர் அறையில் பூட்டினோம். சொல்லிக்கொடுக்க ஆளில்லை. இரண்டு வருஷம் கழித்து அறையைத் திறந்தபோது எலிகள் ஒயர்களைத் தின்றிருந்தன. பிறகு இளம் உபாத்தியாயினி ஒருவர் ஒரு வாரம் பயிற்சிக்குப் போய் வந்தார். மிஞ்சிய நான்கு பொறிகளைக் கொண்டே, பத்துப் பொறிகள் செய்யாத வேலையை அவர் செய்துவிட்டார். யந்திரம் வாங்குவது ஒரு நாள் காரியம். மனிதனைப் பழக்குவது இடைவிடாத காரியம்.

சட்டம் செய்தவர்களும் இதை மறந்துவிடவில்லை. 19-வது பிரிவு கோர்ட்டுகளுக்குரிய கட்டட, சாதன வசதிகளைப் பற்றியும், 20-வது பிரிவு வர்த்தகக் கோர்ட்டுகளில் நியமிக்கப்படும் நீதிபதிகளின் பயிற்சியையும் தொடர்ந்த கல்வியையும் பற்றியும் சொல்லுகின்றன. போபாலில் தேசிய நீதித்துறைக் கழகமும், சென்னையில் தமிழ்நாட்டு நீதித்துறைக் கழகமும், அதன் கிளைகள் கோயம்புத்தூரிலும் மதுரையிலும் இருக்கின்றன. ஆனால் 20-வது பிரிவு நீதிபதிகளைப் பற்றியே பேசுகிறது. சிப்பந்திகளைப் பற்றிப் பேசவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். பம்பு உறுப்புக்குச் சரக்குப் பட்டியல் எப்படி இருக்கும், பாங்கிக் கணக்கை எப்படிப் படிப்பது, மின்னஞ்சலையும் கைப்பேசிச் செய்தியையும் சாட்சியமாக்குவதற்கு என்ன சான்றுப் பத்திரம் வேண்டும் என்பவை இன்று குமாஸ்தாவுக்கும் தெரிந்திருக்கவேண்டிய விஷயங்கள். கணிப்பொறிப் பதிவுகளுக்கு அத்தகைய சான்றுப் பத்திரம் அவசியம் என்று 2020-இல் சுப்ரீம் கோர்ட்டு வற்புறுத்தியது. 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அந்த விதி இருக்கிறது. இதை முதல் நாளிலேயே கவனித்துக் கேட்கக்கூடிய சிப்பந்தி இருந்தால், வழக்கு நடுவழியில் நின்று ஆறு மாதம் வீணாகாது. ஆகவே சிப்பந்திகளுக்கும் முறையான பயிற்சியும், பயிற்சி பெற்றவருக்கு உயர்வும், அவரை ஆறு மாதத்தில் வேறு இலாகாவுக்கு மாற்றிவிடாத நிதானமும் வேண்டும் என்று நாம் கேட்கிறோம்.

சில எச்சரிக்கைகள்

யந்திரத்தைப் புகழ்ந்த நாமே அதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். தேதி எண்ணுவது வேறு. நியாயம் நிறுப்பது வேறு. தானே கட்டுரை எழுதும் செயற்கை அறிவு யந்திரங்கள் இக்காலத்தில் தோன்றியிருக்கின்றன. இல்லாத தீர்ப்புக்களை இருப்பனபோல் அவை எழுதிக் கொடுத்து, அதை நம்பிய வக்கீல்கள் பல தேசங்களில் அவமானப்பட்டிருக்கிறார்கள். 2025 ஜூலையில் கேரள ஹைக்கோர்ட்டு, இந்த யந்திரங்களைக் கொண்டு முடிவு காணவோ தீர்ப்பு எழுதவோ கூடாது என்று கீழ்க் கோர்ட்டுகளுக்கு விதி வகுத்தது. அது சரியான விதி. குடத்திலிருந்து ஓலை எடுக்கச் சிறுவன் போதும். சபையில் அமர்ந்து வழக்குத் தீர்க்கப் பெரியவர்கள்தாம் வேண்டும்.

இரண்டாவது, எல்லாம் கணிப்பொறி வழியே என்று ஆகும்போது, கணிப்பொறி அறியாதவன் வெளியே நிற்கலாகாது. கோர்ட்டு வளாகங்களில் சேவை மையங்கள் ஏற்பட்டிருக்கின்றன. அவை ஒவ்வொரு தாலுகாவிலும் திறம்பட நடக்கவேண்டும். அங்கே தமிழில் பதில் சொல்ல ஆள் இருக்கவேண்டும்.

மூன்றாவது, தீர்ப்பு என்பது காகிதம். பணம் என்பது பணம். டிக்ரி வாங்கியபின் அதை நிறைவேற்றுவதற்கு இன்னொரு வழக்குப்போல் அலைய வேண்டியிருக்கிறது. நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டுமென்று 2021-இல் சுப்ரீம் கோர்ட்டு கட்டளையிட்டது. வசூலான நாளையும் கணக்கில் சேர்க்காத புள்ளிவிவரம், கல்யாணம் முடிந்ததைச் சொல்லிப் பெண் புக்ககம் போனாளா என்று சொல்லாத கடிதம் போன்றது.

மஞ்சள் பை மறுபடி வந்தது

இனி நம் மாணவரின் கதைக்கு வருவோம். சிறு தொழிலாளருக்குப் பாக்கி வசூலித்துக் கொடுக்க 2006-ஆம் வருஷச் சட்டத்தில் வேறொரு வழி இருக்கிறது. ஆனால் அதற்குரிய பதிவை அவர் சரக்கு அனுப்பிய பின்னரே செய்துகொண்டதால் அந்த வழியில் சிக்கல் இருந்தது. வர்த்தகக் கோர்ட்டே சரி என்று நாம் விசாரித்த வக்கீல் நண்பர் சொன்னார். ஆனால் நேரே போக முடியாது. உடனடித் தடையுத்தரவு முதலியன வேண்டாத வழக்குகளில், முதலில் சமரச முயற்சி செய்தே தீரவேண்டும் என்று சட்டத்தின் 12-ஏ பிரிவு கூறுகிறது. அப்படிச் செய்யாமல் தொடுத்த வழக்கை நிராகரிக்கவேண்டும் என்று 2022-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. சமரசத்துக்கு மூன்று மாதம். இருவரும் இசைந்தால் மேலும் இரண்டு மாதம். அந்தக் காலம் வழக்குத் தொடுக்கும் மூன்று வருஷக் கெடுவில் சேராது. சமரசம் ஏற்பட்டால் அது மத்தியஸ்தர் தீர்ப்புக்குச் சமமான வலிமை உடையது.

நம் மாணவர் ஆயிரம் ரூபாய் கட்டணம் செலுத்தி ஜில்லா சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தார். கம்பெனிக்கு நோட்டீஸ் போயிற்று, யாரும் வரவில்லை. இறுதி நோட்டீஸ் போயிற்று, அப்போதும் வரவில்லை. சமரசம் தொடங்கவேயில்லை என்று அறிக்கை கிடைத்தது. அதை இணைத்து வழக்குத் தாக்கலாயிற்று. இதைப் பாராட்டுக் கதையாக முடிக்க நமக்கும் ஆசைதான். ஆனால் பணம் இன்னும் வரவில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

சென்ற மாதம் அவர் மறுபடி வந்தார். அதே மஞ்சள் பை. இம்முறை உள்ளே வாழைப்பழம், குழந்தைகளுக்குச் சந்தோஷம். கைப்பேசியை எடுத்து அந்தப் பதினாறு எழுத்துக் குறியைத் தட்டிக் காட்டினார். சம்மன் சேர்ந்துவிட்டது என்றும், பிரதிவாதி ஆஜராகி அவகாசம் கேட்டிருக்கிறார் என்றும், அடுத்த தேதி இன்னது என்றும் அதில் இருந்தது.

"தொண்ணூற்றாறு நாள் ஆகிவிட்டது, ஸார். இன்னும் இருபத்து நாலு நாளில் அவர்கள் பதில் போட்டே ஆகவேண்டும். நானே எண்ணிக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

"மானேஜர் என்ன சொல்லுகிறார்?" என்று கேட்டோம்.

"போன வாரம் அவராகவே கூப்பிட்டார், ஸார். பாதி என்று சொன்னவர் இப்போது முக்கால் என்கிறார்" என்றார். சற்று நிறுத்தி, "சிரிக்கவில்லை, ஸார்" என்று சேர்த்துக்கொண்டார்.

முழுத் தொகையும் வட்டியும் கேட்டு வழக்கை நடத்துவதென்று அவர் தீர்மானித்திருக்கிறார். அந்தத் தைரியத்தை அவருக்குக் கொடுத்தது நாம் அல்ல. கோர்ட்டுக் கடிகாரம் ஓடுகிறது என்ற நம்பிக்கைதான். அது நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது சர்க்காரின் கடமை, கோர்ட்டாரின் கடமை. மாதந்தோறும் அந்தக் கணக்கைத் திறந்து பார்த்துக் கேள்வி கேட்பது நம்முடைய கடமை. வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட அந்த இரண்டு தொழிலாளர்களும், எந்த வழக்கிலும் பெயர் இல்லாத கட்சிக்காரர்களாக, அடுத்த தேதிக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.